ஹெல்மெட் போடாத லாரி

முதலில் ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டு வண்டி நம்பரை, அது ஸ்கூட்டியோ காரோ டிராக்டரோ, பரிவாஹன் இ-சலான் தளத்தில் போட்டுப் பாருங்கள். சேஸிஸ் நம்பரின் கடைசி எண்களைக் கேட்கும், ஆர்.சி. புக்கில் இருக்கும். பார்த்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்.

ஒன்றும் நிலுவை இல்லையா? சந்தோஷம். எங்கள் வீட்டு வண்டிக்குப் போட்டபோது பதினோரு சலான் வந்தது. அதில் ஒன்று ஹெல்மெட் போடாமல் ஓட்டியதற்கு. எங்கள் வண்டி பத்து வீல் டாரஸ் லாரி.

இது நடந்தது 2024 மே மாதம், செமஸ்டர் லீவில். அதற்கு முன்னால் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். சேலம், நாமக்கல் பசங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நான் ராசிபுரம் பக்கம். எங்கள் ஏரியாவில் மழை கம்மி, லாரி ஜாஸ்தி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவார்கள். சங்ககிரியில் எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் லைனில் இருப்பார். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் வரிசையாக நிற்கும். இது போக கேஸ் டேங்கர், முட்டை வண்டி, டிரெய்லர். அப்பா 1996-ல் கிளீனராக வண்டி ஏறியவர். 2019-ல் ஃபைனான்ஸ் போட்டு ஒரு 2014 மாடல் வண்டி வாங்கினார். ஒத்த வண்டி ஓனர். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத் என்று போவார். விரத நாளில் அங்கே எல்லார் வீட்டிலும் சாபுதானா கிச்சடி செய்வார்கள். அந்த சாபுதானா நம்ம மரவள்ளிக்கிழங்கு. திரும்பும்போது நாசிக் வெங்காயம்.

ஓசூர் தாண்டினால் போர்டு எழுத்து மாறும். நிப்பாணி தாண்டினால் இன்னொரு தடவை மாறும். சின்ன வயதில் "எங்கப்பா வெளிநாட்டுக்குப் போயிருக்கார்" என்று ஸ்கூலில் பெருமை அடித்திருக்கிறேன். இப்போது யோசித்தால் அது ஒன்றும் பெரிய பொய் இல்லை.

அந்தக் காலத்து ஃபைன் எப்படி என்று அப்பா சொல்லியிருக்கிறார். கை காட்டி ஓரம் கட்டச் சொல்வார்கள். இறங்கி, பேப்பரை எடுத்துக்கொண்டு போய்ப் பேசணும். ரசீது போட்டதும் உண்டு, போடாததும் உண்டு. பேசிப் பேசியே அவருக்குக் கன்னடமும் இந்தியும் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரி செக்போஸ்ட்டுகள் போயின. 2019 செப்டம்பர் 1-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்து ஃபைன் தொகையெல்லாம் ஏறியது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. ஓவர்லோடு 2,000-ல் இருந்து 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000. கூடவே கேமராவும் வந்தது. கேமரா வண்டியை நிறுத்தாது. படம் எடுத்து, மெசேஜ் அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்.

அந்த மெசேஜ்தான் எங்களுக்கு வரவே இல்லை.

எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். எங்கள் வண்டிக்கு மே 28-ல் முடிகிறது. ஒரு வாரம் முன்னால் அப்ளை பண்ணப் போனால் ஆன்லைனில் நகரவில்லை. சலான் நிலுவை என்று காட்டியது. ஆபீஸ் வாசலில் இருந்த புரோக்கர் போனைத் தட்டிவிட்டு, "பதினொண்ணு இருக்குதுங்ணா. பதினெட்டாயிரம் குடுங்க, எல்லாத்தையும் முடிச்சிர்றேன்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்தானே கண்ணு படிக்கிற? நீயே பாரு."

நான் படிப்பது மெக்கானிக்கல். சரி, அதை விடுங்க.

அன்று ராத்திரி லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் தடையே ஓ.டி.பி. பழைய வண்டி வாங்கி பேர் மாற்றியபோது, ஆர்.சி.யில் அந்தப் புரோக்கர் தன் நம்பரையே கொடுத்திருக்கிறார். அஞ்சு வருஷமாக எங்கள் வண்டிக்கு வந்த எல்லா மெசேஜும் யாரோ ஒருத்தர் போனுக்குப் போயிருக்கிறது. கர்நாடகாவில் 2023 பிப்ரவரியில் நிலுவை சலானுக்குப் பாதித் தொகை தள்ளுபடி கொடுத்தார்கள். அந்தச் சமயத்திலேயே எங்களுக்கு அங்கே ரெண்டு சலான் இருந்திருக்கிறது. தெரிந்திருந்தால் பாதியோடு போயிருக்கும்.

நம்பரை மாற்றி, சலான் ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஓவர் ஸ்பீடு நாலு. சீட் பெல்ட் மூணு. நோ என்ட்ரி ரெண்டு. ரோட்டோரம் நிறுத்தியது ஒன்று. ஹெல்மெட் ஒன்று. மொத்தம் 13,500 ரூபாய். பாதிக்கு மேல் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தது. போன் கேமராவை லேப்டாப் ஸ்கிரீன் முன்னால் காட்டி மொழிபெயர்த்துப் படித்தோம்.

நேர்மையாகச் சொல்கிறேன். படிக்க ஆரம்பித்தபோது எனக்குள்ளே ஒரு கோபம் இருந்தது. வெளிமாநில வண்டி என்றால் பிடித்துப் போடுகிறார்கள், ஏழை டிரைவர் வயிற்றில் அடிக்கிறார்கள், இந்தக் கட்டுரையைக்கூட அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அப்பா ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு, "ஆமா, இது நான்தான்" என்றார். "இது அந்தப் பாலம் எறக்கம். அறுபதுல போகோணும், எழுபத்தி நாலுல வந்திருக்கறேன்." சீட் பெல்ட் படம் மூன்றிலும் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதில் ஒன்றில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தொப்பூர்ல எத்தன வண்டி கவுந்து கெடக்கறத பாத்திருக்கறேன். ஸ்பீடுக்கு ஃபைன் போட்டா நான் என்ன சொல்றது?" என்றார். தருமபுரியில் இருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டியிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்பா அதைத் தாண்டிவிட்டேன் என்று போன் பண்ணும் வரை அம்மா தூங்க மாட்டார்.

பத்து சலான் இப்படி முடிந்தது. பதினொன்றாவதைத் திறந்தோம். வடக்கே ஒரு பெரிய ஊர், பேர் வேண்டாம். படத்தில் ஒரு ஸ்கூட்டர், ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் தலையில் ஒன்றும் இல்லை. நம்பர் பிளேட் பாதி சேறு. யாரோ யூகித்துத் தட்டியிருக்கிறார்கள், அது எங்கள் லாரி நம்பரில் போய் விழுந்திருக்கிறது.

நாங்கள் மூணு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் சொன்னேன்: "ஆயிரம் ரூபாதானேப்பா. இதையும் சேர்த்துக் கட்டிட்டா நாளைக்கே எஃப்.சி.க்குப் போயிரலாம்."

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். "இத கட்ட வேண்டாம்."

எனக்குப் புரியவில்லை. "ரோட்டுல ரசீது இல்லாம எவ்வளவோ குடுத்திருக்கீங்களேப்பா?"

"அது வழி விடறதுக்குக் குடுத்தது கண்ணு. இது நான் பண்ணேன்னு ஒத்துக்கறதுக்கு."

அவர் சொன்னது சட்டப்படியும் சரி என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சலானைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். ஹெல்மெட்டுக்கான 194-டி பிரிவில் ஆயிரம் ரூபாயோடு மூணு மாசம் லைசென்ஸ் தகுதியிழப்பும் எழுதியிருக்கிறது. எப்போதும் அது நடக்கும் என்று இல்லை. ஆனால் லைசென்ஸை வைத்துச் சாப்பிடுகிற ஒருத்தர், தான் செய்யாத குற்றத்துக்கு அந்த வரியின் கீழே கையெழுத்துப் போடணுமா? கோபப்பட்ட நான் அதைக் கேட்கவில்லை. பத்தை ஒத்துக்கொண்ட அவர் கேட்டார்.

சரி, எதிர்ப்பது எப்படி? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. சலானை ரொம்ப நாள் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகும். பல மாநிலங்களில் அது விர்ச்சுவல் கோர்ட். டெல்லியில் 2019-ல் ஆரம்பித்தது. வீட்டிலிருந்தே ஃபைன் கட்டலாம், ரொம்ப வசதி. ஆனால் "நான் குற்றத்தை மறுக்கிறேன்" என்ற பட்டனை அழுத்தினால் கேஸ் அந்த ஊர் சாதாரண கோர்ட்டுக்கு மாறிவிடும். ஒத்துக்கொள்ள ரெண்டு நிமிஷம், மறுக்க ஆயிரம் கிலோமீட்டர். பெரும்பாலானோர் ஏன் பேசாமல் கட்டிவிடுகிறார்கள் என்று இப்போது புரியும்.

நல்லவேளை, எங்கள் ஹெல்மெட் சலான் இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை. தளத்திலேயே புகார் கொடுக்க இடம் இருந்தது. ஆதாரம் வேணுமே என்று யோசித்தபோது அம்மாதான் கேட்டார், "அன்னைக்கு வண்டி எங்க இருந்துச்சு?"

ஃபாஸ்டேக்! டோலில் காசு போகிறதே என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறோம். பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்தோம். சலானில் இருந்த அதே தேதி, மாலை 4:12-க்கு எங்கள் வண்டி வெங்காய லோடோடு ஓமலூர் டோலைத் தாண்டியிருக்கிறது. சலானில் இருந்த நேரம் 4:40. இடையில் இருபத்தெட்டு நிமிஷம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். கணக்குப் போட்டால் மணிக்கு 2,100 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அப்படி ஓட்டியிருந்தால் அவர்கள் ஓவர் ஸ்பீடு கேஸ்தானே போட்டிருக்கணும்?

ஆர்.சி. நகல், லாரி போட்டோ, ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட், சலான் படம், நாலையும் சேர்த்து நல்ல ஆங்கிலத்தில் புகார் எழுதினேன். அந்த ஊர் டிராஃபிக் போலீஸுக்கு மெயிலும் அனுப்பினேன். மே 21. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

பதில் வரவில்லை. மே 28-ல் எஃப்.சி. முடிந்தது. எஃப்.சி. இல்லாமல் லைனுக்குப் போகக் கூடாது. ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல். வண்டியைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தினோம். இன்னொரு மெயில். அதற்கும் பதில் இல்லை. ஜூன் 5-ல் டியூ கட்டணும். அம்மா ராசிபுரம் போய் ரெண்டு வளையலை வைத்துவிட்டு வந்தார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது. ஆயிரம் ரூபாய் சலானுக்காக ஒரு முழு டிரிப் போயிருந்தது.

ஜூன் 11 காலையில் அப்பா, "நம்பர் இருக்குதா அவங்களுது?" என்று கேட்டார். இருந்தது. நான் ரெண்டு தடவை கூப்பிட்டு, என் ஆங்கிலம் அவர்களுக்கும் அவர்கள் இந்தி எனக்கும் புரியாமல் வைத்திருந்த நம்பர். அப்பா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். நாலாவது தடவை ஒருத்தர் எடுத்தார்.

"நமஸ்தே சாப். ஹமாரா காடி டிரக் ஹை சாப், தஸ் சக்கா. டிரக் மே ஹெல்மெட் கௌன் பெஹன்தா ஹை?"

லாரியில் எவன் சார் ஹெல்மெட் போடுவான் என்று கேட்கிறார். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி, அப்புறம் சிரிப்பு. பத்து நிமிஷம் பேசினார்கள். எந்த ஊர், என்ன லோடு, அங்கே மழை எப்படி என்று எல்லாம் பேசிவிட்டு, அந்த மனிதர் எல்லாப் பேப்பரையும் இன்னொரு தடவை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். என் ஃபாஸ்டேக் ஆதாரம் இல்லாமல் அது நடந்திருக்காது, ஆனால் அதை ஒருத்தர் திறந்து பார்க்க வைத்தது அப்பாவின் ரோட்டு இந்தி. ஜூன் 14-ல் சலான் ரத்து. மீதிப் பத்துக்கும் 12,500 ரூபாய் கட்டினோம். வண்டி நின்றது பதினேழு நாள்.

லாபமா நஷ்டமா என்று கேட்டால், காசுக் கணக்கில் நஷ்டம்தான். வளையல் தீபாவளிக்கு முன்னால்தான் திரும்பி வந்தது. இதை ஒரு வெற்றிக் கதையாக உங்களிடம் விற்க எனக்கு விருப்பம் இல்லை. ஆன்லைன் ஃபைனைப் பற்றி லாரி உரிமையாளர் சங்கங்கள் வருஷக் கணக்காகக் குரல் கொடுக்கின்றன. ஃபைனே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒத்துக்கொள்வது எவ்வளவு சுலபமோ, அதே அளவு மறுப்பதும் சுலபமாக இருக்கணும். அதற்கு விதி ஏற்கனவே கொஞ்சம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167-ஏ என்று ஒன்று சேர்த்தார்கள். அதன்படி கேமரா சலான் என்றால், நம்பர் பிளேட் தெரிகிற படம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் இருக்கணும். குற்றம் நடந்த பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பணும். சலான் முடியும் வரை அந்தப் பதிவை வைத்திருக்கணும். கேமராவுக்கே வருஷா வருஷம் சான்றிதழ் வேணும். இதையெல்லாம் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

"நமக்கு எதுக்குப்பா லாரிக் கதை, நான் எம்.எஸ். பண்ண ஜெர்மனி போறேன்" என்கிறீர்களா? உங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் சீனியர் அண்ணன் ஒருத்தர் ஜெர்மனியில் இருக்கிறார். லீவில் நண்பர்களோடு இத்தாலி போய் வாடகைக் கார் எடுத்தார். ஃப்ளோரன்ஸில் ஹோட்டலைத் தேடி ஒரே ஏரியாவை மூணு சுற்று சுற்றியிருக்கிறார். இத்தாலியின் பழைய ஊர்களில் இசட்.டி.எல். என்று உண்டு, அனுமதி இல்லாத வண்டி உள்ளே போகக் கூடாத பகுதி. சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் போர்டு, பக்கத்தில் கேமரா. ஒவ்வொரு தடவை நுழைந்ததற்கும் தனி ஃபைன். முதலில் கார் கம்பெனி, போலீஸுக்கு விவரம் கொடுத்ததற்குக் கட்டணம் என்று கார்டில் எடுத்துக்கொண்டது. எட்டு மாசம் கழித்து இத்தாலிய மொழியில் மூணு லெட்டர் வந்தது. வெளிநாட்டில் இருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அங்கே 360 நாள் அவகாசம் உண்டு. நோட்டீஸ் கைக்கு வந்து அஞ்சு நாளுக்குள் கட்டினால் பொதுவாக 30 சதவீதம் குறையும். அண்ணன் முதல் லெட்டரை ஸ்பேம் என்று நினைத்து ஒரு மாசம் ஓரமாக வைத்துவிட்டார், தள்ளுபடி போச்சு. எங்கள் வீட்டுக் கதைதான், யூரோவில்.

துபாய், சிங்கப்பூர் போகிறவர்களுக்குக் காசு மட்டும் பிரச்சினை இல்லை, பாயின்ட் கணக்கும் உண்டு. ரெண்டு ஊரிலும் 24 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகும். அமீரகத்தில் அது ஒரு வருஷத்துக்குள், சிங்கப்பூரில் ரெண்டு வருஷத்துக்குள். நம்ம இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் ஒரு வருஷம்தான் செல்லும். ஜெர்மனியில் குடியேறியவருக்கு நம்ம லைசென்ஸ் ஆறு மாசம்தான்.

எந்த ஊராக இருந்தாலும், நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஆர்.சி.யில் உங்கள் போன் நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சலான் வந்தால் முதலில் படத்தைத் திறங்கள். உங்கள் வண்டியா, நீங்களா என்று பாருங்கள். நீங்கள்தான் என்றால் சீக்கிரம் கட்டிவிடுங்கள், தள்ளிப்போட்டால் கோர்ட்டுக்குப் போகும். நீங்கள் இல்லை என்றால் கட்டாதீர்கள். அதே நாள் புகார் கொடுத்து, அதன் நம்பரை எழுதி வையுங்கள். டோல், பெட்ரோல் பில், பார்க்கிங் டோக்கன், நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சொல்லும் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மெயில் போதும் என்று உட்காராதீர்கள், போன் பண்ணுங்கள், அந்த ஊர் பாஷை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முக்கியமாக, வாட்ஸ்அப்பில் "சலான்" என்று ஏ.பி.கே. ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள். அது திருட்டு ஆப், பேங்க் கணக்கைக் காலி பண்ணும்.

அப்பா இப்போது சீட் பெல்ட் போடுகிறார். "மூவாயிரம் குடுத்து வாங்கின பெல்ட்டு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே போடுகிறார். லீவுக்கு நான் ஊருக்குப் போனால், எங்கள் தெரு டிரைவர் மாமாக்கள் நாலைந்து பேர் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "மாப்ள, இது என்னன்னு பாரு." படத்தைத் திறந்து காட்டுகிறேன். பெரும்பாலும் அவர்களேதான் இருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கட்டிவிட்டுப் போகிறார்கள்.

போன மாசம் வந்த ஒரு மாமாவுக்கு, படத்தில் இருந்தது ஆட்டோ. புகார் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. போன் பண்ண அப்பா லைனில் இருந்து வரணும்.